பளபளக்கும் ஷூ காலைக் கடிக்கிறதா? பேட்டன்ட் லெதரைப் பொறுமையாகத் தளர்த்தும் முறை

மும்பைக்கு ஹோட்டல் வேலைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் வாரம் எங்கே வலிக்கும் என்று கேட்டால் முதுகு, தோள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் வலிப்பது சுண்டுவிரல். விருந்து நடக்கும் பாங்க்வெட் ஹாலில் ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டும். காலில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் கறுப்பு ஷூ இருக்க வேண்டும். அதுவரை ரப்பர் செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்து, விரல்கள் விசிறி போல விரிந்து வளர்ந்த கால் அது. அதைக் குறுகிய முனையுள்ள பேட்டன்ட் லெதர் ஷூவுக்குள் திணித்தால் கடிக்காமல் என்ன செய்யும்?

என் சித்தி மகன் தென்காசியிலிருந்து வந்து, சயான் கோலிவாடாவில் என் அறையில்தான் தங்கினான். முதல் நாள் ஷிஃப்ட் முடிந்து இரவு ஒரு மணி வாக்கில், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் சாக்ஸோடு மாடிப்படி ஏறி வந்தான். சாக்ஸைக் கழற்றினால் சுண்டுவிரல் ஓரத்தில் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. கொப்புளம் உடைந்து, ஈரம் பட்டு, நூல் தோலோடு சேர்ந்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி ஷூவுக்குள் திணித்து, இரவில் ஃப்ரீசரில் வைத்துவிட்டான். என்னிடம் சொல்லவில்லை. காலையில் எடுத்துக் காலை நுழைத்து ஓர் அடி வைத்ததும் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. வலது ஷூவில், விரல் மடங்கும் இடத்தில், தலைமுடி கனத்தில் மூன்று சாம்பல் கோடுகள். ஒரே ஒரு நாள் போட்ட புது ஷூ.

அன்றைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு தாராவிக்குப் போனேன். சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டில் வரிசையாகத் தோல் கடைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷூ தைக்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். தோல் பதனிடும் வேலைக்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. ஷூவை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மடிப்பைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். "தம்பி, தோலு இழுத்தா வரும். மேல இருக்க கண்ணாடி வராது. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுட்டியே" என்றார்.

கீழே எழுதியிருப்பதில் பாதி அவர் சொல்லித் தந்தது. மீதி, அதற்குப் பிறகு எங்கள் ஹோட்டல் பாங்க்வெட்டில் சேர்ந்த பிள்ளைகளின் ஷூக்களில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது.

ஷூ எதனால் ஆனது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பேட்டன்ட் லெதர் என்பது சாதாரணத் தோல்தான். அதன் மேல் ஒரு பளபளப்புப் பூச்சு இருக்கும். 1819 வாக்கில் அமெரிக்காவின் நூவர்க் நகரில் சேத் பாய்டன் என்பவர் இதை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியபோது, ஆளிவிதை எண்ணெயில் செய்த வார்னிஷைத் தோலின் மேல் பூசிப் பூசிக் காயவைத்தார். இப்போது பெரும்பாலும் பாலியூரித்தேன் போன்ற பிளாஸ்டிக் பூச்சுதான்.

தோலுக்குள் நார்கள் பின்னிக் கிடக்கின்றன. கொஞ்சம் ஈரமும் மெல்லிய சூடும் பட்டால் அவை நகர்ந்து கொடுக்கும். காய்ந்த பிறகு புது வடிவத்திலேயே நிற்கும். பூச்சுக்கு அந்த நார் கிடையாது. மெதுவாக இழுத்தால் ஓரளவு கூட வரும், அவசரப்படுத்தினால் வெடித்துவிடும். இன்னொன்று, மேலே எதைத் தடவினாலும் அது பூச்சைத் தாண்டித் தோலுக்குப் போகாது. அதனால் எண்ணெய், கிரீம், ஸ்ப்ரே எதுவாக இருந்தாலும் வெளிப்பக்கம் தடவிப் பயனில்லை. செய்யும் வேலை எல்லாம் உள்ளே, கால் படும் உட்புற லைனிங் வழியாகத்தான்.

கடையில் 'பேட்டன்ட்' என்று சொல்லி விற்பதில் தோலே இல்லாததும் நிறைய உண்டு. துணியின் மேல் பளபளப்புப் பிளாஸ்டிக் ஏற்றியிருப்பார்கள். ஷூவின் உள்ளேயோ அடியிலோ பெட்டியிலோ சின்னச் சின்னப் படங்கள் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். விரித்த தோலின் வடிவம் மட்டும் இருந்தால் தோல். அந்தத் தோல் வடிவத்துக்குள் ஒரு சின்ன வைரக் கட்டம் இருந்தால் பூச்சு ஏற்றிய தோல். ஐரோப்பிய விதிப்படி பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, மொத்தக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் இந்தக் குறி போடுவார்கள். வைரக் கட்டம் மட்டும் தனியாக இருந்தால் ரெக்சின் வகை. படம் எதுவும் இல்லையென்றால், லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்கின் ஓரத்தையோ, தைக்காமல் வெட்டி விட்ட விளிம்பையோ உற்றுப் பாருங்கள். பூச்சுக்குக் கீழே பஞ்சு மாதிரி நார் தெரிந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின்.

ரெக்சின் ஷூவை நான்கு நாள் உள்ளே கட்டை போட்டு விரித்தாலும், கட்டையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும். அது கடித்தால் ஒரு சைஸ் பெரிதாக மாற்றிக்கொள்வதுதான் வழி. அதற்காக நேரத்தையும் ஸ்ப்ரேக்குக் காசையும் செலவழிக்காதீர்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டிய ஷூவா என்று பாருங்கள்

இதைச் செய்யாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஷூவை வாங்கி வந்த அன்றே வெளியே போட்டுக்கொண்டு போகாதீர்கள். அடி அழுக்கானால் எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. மாலையில், நாளெல்லாம் நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், பாயின் மேல் நின்று போட்டுப் பாருங்கள். வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு.

நின்றபடியே பெருவிரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அழுத்திப் பாருங்கள். பாதிக் கட்டைவிரல் அகலமாவது, அதாவது ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விரல் நுனி முனையில் முட்டினால் அந்த ஷூ நீளத்தில் குட்டை. ஷூவை உள்ளிருந்து விரிக்கும் கட்டையான ஸ்ட்ரெச்சர் எதுவும் நீளத்தைத் தராது. முனையிலும் குதிகாலிலும் உள்ளே கெட்டியான தகடு வைத்துத் தைத்திருப்பார்கள். கீழே சோல் வேறு பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு எங்கிருந்து நீளும்? பிரிட்டிஷ் அளவில் அரை சைஸ் என்பது நீளத்தில் சுமார் 4 மில்லிமீட்டர்தான். பார்க்கக் கொஞ்சமாகத் தெரிந்தாலும், விரல் முட்டும் ஷூவில் அந்த நான்கு மில்லிமீட்டர் கிடைக்கவே கிடைக்காது. மாற்றிவிடுங்கள்.

அகலம் வேறு கதை. உள்ளே போட்டிருக்கும் இன்சோல் கழன்று வருமானால் அதை எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் வெறுங்காலோடு நில்லுங்கள். கால் ஓரம் எவ்வளவு வெளியே வழிகிறது? இரண்டு பக்கமும் லேசாக வழிந்தால் தளர்த்திச் சமாளிக்கலாம். சுண்டுவிரல் முழுதாக வெளியே நின்றால் அந்த ஷூ உங்கள் காலுக்கானது இல்லை. இன்சோல் ஒட்டியிருந்தால், வெள்ளைத்தாளில் நின்று பென்சிலை நேராகப் பிடித்துக் காலைச் சுற்றி வரைந்து, ஷூவின் அடியை அதன் மேல் வைத்துப் பாருங்கள்.

உங்கள் கால் அகலம் என்பதற்காகக் கூச்சப்பட ஒன்றுமில்லை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021–22இல் நாடு முழுக்கக் கால்களை அளந்தபோது, ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட நம் கால்கள் பொதுவாக அகலம் என்றுதான் தெரியவந்தது. அதை வைத்து, பாரதத்தின் முதலெழுத்தைக் கொண்டு 'பா' என்ற தனி அளவுமுறையே முன்வைத்திருக்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் ஷூ பெரும்பாலும் இன்னும் பழைய அளவில்தான். ஷூ குறுகல், உங்கள் கால் சரியாகத்தான் இருக்கிறது.

இழுக்காமலே கிடைக்கும் இடம்

தளர்த்துவதற்கு முன், ஷூவுக்குள் ஏற்கெனவே இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த இன்சோலைக் கழற்றி மெல்லியதாகப் போட்டால் பாதத்தின் மேல்பகுதி உடனே தளரும். தடித்த பருத்தி சாக்ஸுக்குப் பதிலாக மெல்லிய, வியர்வை உறிஞ்சும் சாக்ஸ் போடலாம்.

இறுக்கம் புறங்காலில் என்றால் லேஸைப் பாருங்கள். லேஸ் துளைகள் உள்ள இரண்டு மடல்களும் தனித்தனியாகத் திறந்து கொடுத்தால் அது டர்பி. அதில் லேஸைத் தளர்த்தினாலே போதும். மடல்கள் கீழே ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தால் அது ஆக்ஸ்ஃபர்ட். அதில் அவ்வளவு விட்டுக்கொடுப்பு இருக்காது. எந்த வகையானாலும், வலிக்கும் மேட்டின் மேல் மட்டும் லேஸைக் குறுக்கே கட்டாமல், அந்தந்தப் பக்கத்துத் துளையிலேயே நேராக மேலே ஏற்றிவிட்டு, அடுத்த துளையிலிருந்து வழக்கம்போலக் குறுக்கே கட்டுங்கள். என் சித்தி மகனுக்கு இடது கால் வலி இதிலேயே தீர்ந்தது.

வீட்டுக்குள் நடந்து பழக்குவது

ஷூ லேசாகத்தான் இறுக்கம் என்றால் இந்த முறை ஒன்றே போதும். மாலையில் ஒரு ஜோடி கனமான சாக்ஸ் போட்டு, ஷூவைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே இருபது நிமிடம் நடங்கள். நின்று தோசை சுடுங்கள், துணி மடியுங்கள். வலி வந்தால் கழற்றிவிடுங்கள்; பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போடுவதில் லாபம் இல்லை. கால் சூடும் வியர்வையின் மெல்லிய ஈரமும் உள்ளிருந்து தோலை இளக்கும். ஐந்தாறு நாள் தொடர்ந்து செய்தால், எங்கே அழுத்துகிறதோ அங்கே உங்கள் காலின் வடிவத்துக்கே தோல் இடம் கொடுக்கும்.

இதைச் செய்யும்போது குந்தி உட்காராதீர்கள். முழங்காலை மடக்கிக் குந்தினால் ஷூவின் முன்பகுதி கூர்மையாக மடங்கும். புதுப் பூச்சில் அந்த மடிப்பு நிரந்தரமாக விழுந்துவிடும்.

ஸ்ட்ரெச்சர் போட்டு விரிப்பது

இனி முக்கியமான வேலை. வேண்டியவை: இரண்டு பக்கமும் விரியும் மர ஸ்ட்ரெச்சர், தோல் தளர்த்தும் ஸ்ப்ரே, பழைய வெள்ளைப் பனியன் துணி. ஷூ வடிவம் கெடாமல் இருக்க வைக்கும் ஷூ ட்ரீ வேறு, இது வேறு, வாங்கும்போது கவனியுங்கள். ஸ்ட்ரெச்சரின் முன்பகுதி நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும். பின்னால் இருக்கும் கைப்பிடியைத் திருகினால் அந்த இரண்டு பாதியும் விலகும். கூடவே, பொத்தான் போல் சின்னக் குமிழ்கள் வரும். ஆணிக்கால் இருக்கும் இடத்தில், பெருவிரல் எலும்பு புடைத்திருக்கும் இடத்தில், அதாவது குறிப்பிட்ட ஒரே ஒரு புள்ளியில் மட்டும் இடம் வேண்டுமானால், ஸ்ட்ரெச்சரில் உள்ள துளையில் அந்தக் குமிழைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

முதலில், எங்கே கடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி செய்து காட்டியது இது: காலில் வலிக்கும் இடத்தில் லேசாகக் கண் மை தடவிக்கொண்டு, சாக்ஸ் இல்லாமல் காலை நேராக உள்ளே இறக்கி எடுங்கள். லைனிங்கில் எங்கே கறை விழுகிறதோ அங்கேதான் குமிழ் வர வேண்டும். ஊகத்தில் வைத்தால் ஒரு விரல் தள்ளி விரிந்து, கடிக்கும் இடம் அப்படியே இருக்கும். புண் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள், ஆறட்டும்.

அப்புறம் ஷூவின் வெளிப்பக்கத்தைப் பனியன் துணியால் சுற்றிக்கொண்டு, உள்ளே லைனிங்கில் மட்டும் ஸ்ப்ரே அடியுங்கள். சொதசொதவென்று ஆக வேண்டாம்; கையால் தொட்டால் ஈரம் தெரிந்தால் போதும். இந்த ஸ்ப்ரேக்களில் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. அது பூச்சின் மேல் பட்டால் பளபளப்பு மங்கிப் பனி படிந்த கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தவறி ஒரு துளி பட்டால் உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஸ்ப்ரே கிடைக்காவிட்டால், மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, பஞ்சில் நனைத்து உள்ளே ஒற்றலாம். லைனிங் சாயம் போகிறதா என்று நாக்கின் அடியில் முதலில் சோதித்துப் பாருங்கள். இந்த ஈரம் காயும் வரை பக்கத்தில் அடுப்பு, தீக்குச்சி, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். தீப்பற்றக்கூடியது.

லைனிங் ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ரெச்சரை உள்ளே விட்டு, கைப்பிடியைத் திருகுங்கள். தோலைத் தொட்டு நிற்கும்போது கையில் ஒரு தடை தெரியும். அதற்கு மேல் அரைச் சுற்று. அவ்வளவுதான். கை ஆசைப்படும், இன்னொரு சுற்று சுற்றினால் என்ன என்று தோன்றும். வேண்டாம். ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் கால் சுற்று கூட்டுங்கள். மாலையில் இன்னொரு கால் சுற்று. ஒவ்வொரு முறையும் மேல்தோல் சோலோடு சேரும் ஓரத்தையும், தையல் துளைகளையும், விரல் மடிப்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். தையல் துளை வட்டமாக இருந்தது நீள்வட்டமாகிறதா? பூச்சில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடு தெரிகிறதா? தெரிந்தால் உடனே ஒரு சுற்று தளர்த்திவிடுங்கள். அதற்கு மேல் அந்த ஷூ தராது.

சாதாரணத் தோல் ஷூ ஒரு நாள் இரண்டு நாளில் இளகிவிடும். பேட்டன்டுக்கு மூன்று நான்கு நாள் ஒதுக்குங்கள். ஸ்ட்ரெச்சரை எடுத்ததும் தோல் கொஞ்சம் உள்வாங்கும் என்பதால், லைனிங் நன்றாகக் காய்ந்த பிறகே எடுக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் லைனிங் காய்வதே பெரும்பாடு. அந்த மாதங்களில் இன்னும் ஒரு நாள் கூட்டி, ஃபேன் காற்றில் வையுங்கள். என் அனுபவத்தில் அகலத்தில் மூன்று மில்லிமீட்டர் கிடைத்தாலே கால் சுகமாகிவிடுகிறது.

இரண்டு ஷூவையும் ஒரே அளவுக்கு விரிக்க வேண்டும் என்று இல்லை. அநேகமாக எல்லாருக்கும் ஒரு கால் கொஞ்சம் பெரிது. எந்தக் கால் கடிக்கிறதோ அதற்கு மட்டும் செய்யுங்கள்.

ஃப்ரன்ட் ஆபீஸில் நிற்கும் பெண்பிள்ளைகள் போடும், லேஸ் இல்லாத ஹீல் ஷூவான பம்ப்ஸுக்கும் இதே முறைதான், ஆனால் ஹீல் ஷூவுக்கென்றே வளைந்து வரும் ஸ்ட்ரெச்சர் வேண்டும். தட்டையானதைத் திணித்தால் நடுவில் இருக்கும் இரும்புத் தகடு நெளியும். ஹீல் உயரமாக உயரமாக உடம்பின் பாரம் முன்விரல்களில் இறங்கும் என்பதால், குதிகால் கழன்று போகிறதே என்று ஒரு சைஸ் சின்னதாக வாங்கிவிடாதீர்கள். விரலுக்குச் சரியான சைஸ் வாங்கி, பின்பக்கத்தில் ஒரு ஹீல் பேட் ஒட்டுவதுதான் நல்லது.

ஹேர் டிரையர்

இதை விரும்பிச் சொல்லவில்லை. கேட்பவர்கள் நிறைய என்பதால் எழுதுகிறேன். ஸ்ப்ரே எதுவும் அடிக்காத ஷூவில் மட்டும், மிகக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஷூவின் வாய் வழியாக உள்ளே காற்றை விடுங்கள். இருபது முப்பது விநாடி. உள்ளங்கையை உள்ளே வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. உடனே கனமான சாக்ஸோடு போட்டுக்கொண்டு ஷூ ஆறும் வரை நடக்க வேண்டும். வெளிப்பூச்சின் மேல் நேராக அடித்தால் அப்பளம் மாதிரி கொப்பளித்துக் கிளம்பிவிடும். அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

செய்யவே கூடாதவை

ஃப்ரீசர் முறை தவறு என்று வெறுமனே சொன்னால் யாரும் கேட்பதில்லை, காரணத்தோடு சொல்கிறேன். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். அந்த விரிவில் தோல் இளகும் என்பதுதான் கணக்கு. சாதாரணத் தோலுக்கு அது ஒருவேளை ஒத்துவரலாம். ஆனால் குளிரில் பிளாஸ்டிக் பூச்சு விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். விறைத்த பூச்சைப் பனிக்கட்டி உள்ளிருந்து தள்ளும். எங்கே எவ்வளவு தள்ளும் என்பது உங்கள் கையில் இல்லை. திருகைத் தளர்த்துவது போலப் பனிக்கட்டியைத் தளர்த்த முடியாது. பிறகு சில்லென்று இருக்கும்போதே காலை நுழைத்து மடக்கினால், என் சித்தி மகனுக்கு ஆனதுதான் ஆகும்.

மொட்டை மாடி வெயிலில் காயவைப்பது, குக்கர் ஆவியில் காட்டுவது, சுத்தியலால் தட்டுவது, நெயில் பாலிஷ் ரிமூவரோ மண்ணெண்ணெயோ தொடுவது எல்லாம் பூச்சைக் கெடுப்பவை. தேங்காய் எண்ணெய் மேலே தடவினால் உள்ளே போகாது. தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு பிசுபிசுக்கும்.

ஈரமான செய்தித்தாளைத் திணிப்பது நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வது. கறுப்புப் பேட்டன்டில் உள்ளே மட்டும் இருந்தால் பெரிய பாதகம் இல்லை. வெள்ளை, சந்தனம், சிவப்பு நிற ஷூவாக இருந்தால் செய்தித்தாளைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பேட்டன்ட் பூச்சு பக்கத்தில் இருக்கும் மையையும் சாயத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கறை போகாது. எங்கள் ஹோட்டலில் ஒரு பெண்ணின் சந்தன நிறப் பம்ப்ஸில் ஒரு மராத்தி விளம்பரத்தின் எழுத்துகள் தலைகீழாக அப்படியே பதிந்துவிட்டன.

மோச்சியிடம் கொடுப்பது

ஸ்ட்ரெச்சர் வாங்கும் அளவுக்கு வேண்டாம், ஒரே ஒரு ஷூதான் என்றால் மோச்சியிடம், அதாவது செருப்புத் தைப்பவரிடம், கொடுப்பதே நல்லது. பெரும்பாலான லோக்கல் ரயில் ஸ்டேஷன்களுக்கு வெளியே ஒருவராவது உட்கார்ந்திருப்பார். ஆனால் பேட்டன்ட் லெதரை, ஷூ செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பது இன்னும் மேல். தாராவியில் நம் ஆட்களே இருக்கிறார்கள், தமிழிலேயே சொல்லிவிடலாம். செம்பூர், குர்லா பக்கம் தக்கர் பாப்பா காலனியில் வீட்டுக்கு வீடு ஷூ தைப்பவர்கள் உண்டு.

அவர்களிடம் இருக்கும் கட்டைக்கு ஃபர்மா என்று பெயர். ஷூவை எந்த வடிவத்தில் வைத்துத் தைக்கிறார்களோ அந்தக் கால் வடிவக் கட்டை. உங்கள் ஷூவைவிடக் கொஞ்சம் அகலமான ஃபர்மாவை ஏற்றி வைப்பார்கள். இந்தி இன்னும் வராதவர்கள் இதைச் சொன்னால் போதும்: "பய்யா, ஜூத்தா சௌடா கர்வானா ஹை, லம்பா நஹீ." அகலமாக்க வேண்டும், நீளமாக்க வேண்டாம் என்று அர்த்தம். "ஃபர்மா பே தோ தின் ரக்கியே" என்றால் இரண்டு நாள் கட்டையில் வையுங்கள். மறக்காமல் "பாலிஷ் மத் லகாயியே" என்றும் சொல்லிவிடுங்கள். கறுப்பு ஷூவைப் பார்த்ததும் பழக்கத்தில் பிரஷை எடுத்துவிடுவார்கள். மெழுகுப் பாலிஷ் பேட்டன்டில் இறங்காது, மேலே படிந்து மங்கும்.

பத்து நிமிடத்தில் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஷூவைக் கொடுக்காதீர்கள். சூடு காட்டி அடித்து விரிக்கப் போகிறார் என்று அர்த்தம். கொடுக்கும்போது கடிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். முடிந்தால் அவர் முன்னாலேயே ஷூவைப் போட்டு நின்று காட்டுங்கள். கைதேர்ந்தவர் மேலே கை வைத்துப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடுவார்.

குதிகால் கடித்தால்

குதிகால் கடிக்குப் பல நேரம் காரணம் இறுக்கம் இல்லை, தளர்வு. ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலும் கீழும் உரசுகிறது. அதை விரித்தால் இன்னும் மோசமாகும். ஹீல் பேட் ஒட்டுங்கள், லேஸை மேல் துளையில் கொஞ்சம் இறுக்குங்கள். விளிம்பு கூராக இருந்தால் உள்பக்கம் காய்ந்த சோப்பையோ மெழுகுவர்த்தியையோ தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். வேலைக்குக் கிளம்பும் முன்பே குதிகாலிலும் சுண்டுவிரலிலும் மைக்ரோபோர் டேப் (காயக்கட்டு ஒட்டும் மெல்லிய ஒட்டுப்பட்டை) ஒட்டிக்கொள்ளுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். கொப்புளம் வந்துவிட்டால் ஊசியால் குத்தாதீர்கள். கழுவி, சுத்தமான கட்டுப் போட்டு, மேனேஜரிடம் சொல்லி இரண்டு நாள் வேறு ஷூ போடுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் நின்று, கால் பழுத்து ஒரு வாரம் லீவ் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த வேலை எதையும் தங்கள் காலில் வைத்துப் பழக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் ஷூ கடிப்பதே தெரியாது. சின்னக் கொப்புளம் ஆறாப் புண்ணாகிவிடும். அவர்களுக்கு ஆரம்பத்திலேயே அகலமான, மெத்தென்ற ஷூதான். அப்பாவுக்குக் கல்யாணத்துக்கென்று பளபள ஷூ வாங்கித் தரும் பிள்ளைகள் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

தளர்த்திய பிறகு

முதல் முறை வெளியே போடும்போது முழு ஷிஃப்டுக்குப் போடாதீர்கள். இரண்டு மணி நேரம் போட்டுவிட்டு, லாக்கரில் வைத்திருக்கும் பழைய ஷூவுக்கு மாறிக்கொள்ளுங்கள். லோக்கலில் கூட்டத்தில் மிதிபட்டால் பூச்சு கீறும் என்பதால், போகும்போது செருப்போடு போய், ஷூவைத் துணிப்பையில் எடுத்துச் செல்வது எங்கள் எல்லாருக்கும் பழக்கம்.

துடைப்பதற்கு ஈரமான மெல்லிய துணி போதும். அழுக்கு அதிகம் என்றால் ஒரு சொட்டு ஷாம்பூ கலந்த தண்ணீர், பிறகு காய்ந்த துணி. வைக்கும்போது ஒவ்வொரு ஷூவையும் தனித்தனியாக வெள்ளைத் துணியில் சுற்றுங்கள். இரண்டு பேட்டன்ட் ஷூ ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தால் வெக்கையில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் பூச்சு ஒரு பக்கம் உரிந்து வரும். பிளாஸ்டிக் கவரில் கட்டி பீரோ மேல் போட்டு வைப்பதும் கூடாது. மும்பை ஈரத்தில் பாலியூரித்தேன் நாளாக ஆக உதிரத் தொடங்கும். முதலில் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், அப்புறம் செதில் செதிலாக வரும். அப்படிப் பிசுபிசுத்துவிட்ட பழைய ஷூவைத் தளர்த்த முயலாதீர்கள். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து, ஒரு மணி நேரம் ஃபேனுக்குக் கீழே வைத்து, புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டுத் திரும்ப வையுங்கள்.